கிளவுடில் ஐடி: யூயூஐடி போட்டால் முடிந்ததா?

6 அக்டோபர் 2025, திங்கள், இரவு 9.12 (கேள்வி)

எங்கள் டீமில் மூன்று நாளாக ஒரே வாக்குவாதம். கிளவுடில் நாங்கள் உருவாக்கும் சர்வர், டிஸ்க், கணக்கு எல்லாவற்றுக்கும் என்ன ஐடி வைப்பது என்று. யூயூஐடி (எந்தக் கம்ப்யூட்டரும் தானே உருவாக்கிக்கொள்ளும் தனி அடையாள எண்) போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்பது என் கட்சி. 128 பிட், அதாவது 128 இடத்தில் 0 அல்லது 1. மோதவே மோதாது, ஒரே எண் இரண்டு தடவை வராது. இதில் மூன்று நாள் பேச என்ன இருக்கிறது?

6 அக்டோபர், இரவு 10.40

தம்பி, மோதாது. அதில் சண்டை இல்லை. பதினெட்டு வருடமாக சிங்கப்பூரில் இந்த வேலைதான் பார்க்கிறேன், இரண்டு யூயூஐடி மோதி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் ஐடியால் என் தூக்கம் கெட்டது நான்கு தடவை. நான்கிலும் காரணம் வேறு.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். யூயூஐடி 4ஆம் பதிப்பில் 128 பிட்டில் 6 பிட் தன் பதிப்பையும் வகையையும் சொல்லவே போய்விடும். மிச்சம் 122 பிட்டும் குலுக்கல். ஒரு மோதலாவது நடக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமென்றால் சுமார் 2.7 பில்லியன் பில்லியன் ஐடி உருவாக்க வேண்டும். உங்கள் கம்பெனி அவ்வளவு டிஸ்க் வாங்கப்போவதில்லை.

வினை வேறு பக்கமிருந்து வரும். மோதாது என்று மார்தட்டிய அதே ஆள், ஆறு மாதம் கழித்து 'பெயர் ரொம்ப நீளமாக இருக்கிறதே' என்று முதல் 8 எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வார். அந்த ஆள் நான்தான். குபர்நெட்டிஸ் (பல சர்வரில் ஆப்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) லேபிளில் 63 எழுத்துக்கு மேல் இடமில்லை. யூயூஐடி 36. டீம் பெயர், ஆப் பெயர், டெஸ்டா புரொடக்‌ஷனா என்பதெல்லாம் முன்னால் ஒட்டிய பிறகு இடம் எங்கே இருக்கிறது? வெட்டினேன். யூயூஐடியில் ஓர் எழுத்து 4 பிட், 8 எழுத்து என்றால் 32 பிட். 32 பிட்டில் பாதிக்குப் பாதி வாய்ப்பு வர 77,000 ஐடி போதும். ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு என்பார்களே, அதே கணக்கு. நாங்கள் தினமும் ஆறாயிரம் தற்காலிக டிஸ்க் உருவாக்கி அழித்துக்கொண்டிருந்தோம். டிஸ்க் போனாலும் பில்லிங் அட்டவணையில் அந்தப் பெயர் நிற்கும். இரண்டு வாரம் தாங்கியது.

6 அக்டோபர், இரவு 10.58

குபர்நெட்டிஸ் என்றதும் ஞாபகம். பாட் (அதில் ஓடும் ஆப்பின் ஒரு பிரதி) பெயரின் வாலில் 5 எழுத்து வருமே, அது 27 எழுத்துகளிலிருந்து பொறுக்கியது. ஆங்கில உயிரெழுத்து ஒன்றும் கிடையாது, 0, 1, 3 கிடையாது. தற்செயலாகக் கெட்ட வார்த்தை அமைந்துவிடக்கூடாது என்று. மொத்தம் 1 கோடியே 43 லட்சம் விதம்தான், சுமார் 4,500 பெயரிலேயே பாதிக்குப் பாதி வந்துவிடும். ஒரே நேம்ஸ்பேஸில் (பெயர்த் தொகுதியில்) ஒரே நேரத்தில் மோதாமல் இருந்தால் போதும் என்பதால் அது அவர்களுக்குச் சரி. அந்த வாலை எடுத்து உங்கள் அட்டவணையில் சாவியாக (ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் எண்ணாக) வைத்தால் அது உங்கள் பாடு.

7 அக்டோபர், செவ்வாய், காலை 8.20 (ரயிலில்)

'ஆட்டோ இன்க்ரிமென்ட் போதாதா?' என்று கேட்டவருக்கு. டேட்டாபேஸே 1, 2, 3 என்று வரிசையாக எண் கொடுப்பதுதான் அது. ஒரே டேட்டாபேஸ் என்றால் போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. டேட்டாபேஸ் பலவாகும்போதுதான் 1, 2, 3 என்று யார் எண்ணுவது என்ற கேள்வி. படம் பகிரும் தளமான ஃபிளிக்கர்காரர்கள் 2010இல் சொன்ன ஏற்பாடு எனக்கு இன்னும் பிடிக்கும்: இரண்டு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வர், ஒன்று ஒற்றைப்படை எண் கொடுக்கும், இன்னொன்று இரட்டைப்படை. ஒன்று விழுந்தாலும் வரிசை நகரும். பலதுறை மருந்தகத்தில் இரண்டு டோக்கன் மிஷின் வைத்த மாதிரி.

ஆனால் வரிசை எண் வெளியே தெரிந்தால் வியாபாரமும் தெரிந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கி செய்கிறது என்று நேச நாடுகள் கணக்குப் போட்டன. 1942 ஆகஸ்டுக்கு உளவாளிகள் சொன்னது 1,550. பிடிபட்ட டாங்கிகளின் சீரியல் நம்பரை வைத்துப் புள்ளியியலாளர்கள் சொன்னது 327. போர் முடிந்து ஜெர்மன் பதிவேட்டைப் பார்த்தால் 342. உங்கள் இன்வாய்ஸ் எண்ணை மாதம் ஒன்று பார்க்கும் போட்டிக் கம்பெனிக்குப் புள்ளியியல்கூட வேண்டாம், கழித்தல் தெரிந்தால் போதும்.

டோபி காட் வந்துவிட்டது. மீதி அப்புறம்.

9 அக்டோபர், வியாழன், இரவு 11.15

ஸ்னோஃபிளேக் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஐடி உருவாக்க ட்விட்டர் 2010இல் வெளியிட்ட நிரல் அது. 64 பிட்டுக்குள் எல்லாம் அடங்கும்: 41 பிட் மில்லிசெகண்ட் நேரம், 10 பிட் இயந்திர எண், 12 பிட் வரிசை. 1,024 இயந்திரம், ஒவ்வொன்றும் ஒரு மில்லிசெகண்டுக்கு 4,096 ஐடி, 69 வருடம் ஓடும். யாரையும் கேட்காமல் ஒவ்வொரு இயந்திரமும் தானே ஐடி கொடுத்துக்கொள்ளும். அழகான வேலை. நான் முன்பு இருந்த இடத்தில் அதே நிரலை எடுத்து வைத்தோம், எந்த நாளிலிருந்து நேரத்தை எண்ணுவது என்பதைக்கூட மாற்றவில்லை.

2021இல் ஒரு நாள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து புகார். ஓர் ஆர்டரைத் திறந்தால் வேறொருவருடைய ஆர்டர் திறக்கிறதாம். எல்லோருக்கும் இல்லை, எப்போதாவது. நாங்கள் சோதித்தால் ஒழுங்காகத்தான் வருகிறது. மூன்று நாள் தேடினோம்.

காரணம் பிரவுசரில் இருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் முழு எண்ணை 9007199254740991 வரைதான் பிசகாமல் வைத்துக்கொள்ளும். எங்கள் ஐடி 19 இலக்கம். அந்த உயரத்தில் அதற்கு 256இன் மடங்குகள் மட்டுமே தெரியும், நடுவில் வருவதெல்லாம் பக்கத்து மடங்குக்கு நழுவிவிடும். சரி, அப்படியானால் சோதனையில் ஏன் தெரியவில்லை? இதைக் கண்டுபிடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு மில்லிசெகண்டும் வரிசை 0இல் தொடங்கும். கூட்டமில்லாத நேரத்தில் வரிசை எப்போதும் 0தான், எனவே ஐடி 4,096இன் மடங்கு, எனவே துளி பிசகாமல் நிற்கும். கூட்டம் வந்து ஒரே மில்லிசெகண்டில் ஒரே இயந்திரத்தில் இரண்டு ஆர்டர் விழுந்தால்தான் வரிசை 1 ஆகும். அந்த இரண்டாவது ஆர்டர் முதல் ஆர்டராக உருமாறி நிற்கும். சோதனை சர்வரில் எந்த ஜென்மத்தில் இது தெரியும்?

ட்விட்டரும் இதே காரணத்துக்காகத்தான் ஜேசனில் (நிரல்கள் தகவல் பரிமாறும் வடிவம்) எண்ணோடு கூட அதையே எழுத்துச் சரமாகவும் அனுப்ப ஆரம்பித்தது. ஐடியை எண்ணாக எழுதாதீர்கள். அதை யாரும் கூட்டப்போவதும் இல்லை, பெருக்கப்போவதும் இல்லை.

பின்குறிப்பு: அதைச் சரிசெய்த மறுவாரம் கணக்குப் பிரிவு அக்கா ஓர் எக்செல் கோப்பை அனுப்பினார். எல்லா ஆர்டர் எண்ணும் 0000 என்று முடிகிறது, 'தம்பி, இது என்ன லக்கி நம்பரா?' எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. 1412345678901234567 என்பது 1412345678901230000 ஆகிவிடும். சேமித்துவிட்டால் பழைய எண் திரும்பாது.

11 அக்டோபர், சனி, மதியம் 2.05

தூக்கம் கெட்ட மூன்றாவது கதை. இதுவும் ஸ்னோஃபிளேக் வகைதான். அந்த 10 பிட் இயந்திர எண்ணை யார் கொடுப்பது?

நாங்கள் சாமர்த்தியமாக, லினக்ஸ் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் வைத்திருக்கும் மெஷின் ஐடியிலிருந்து அதைக் கணக்கிட்டோம். ஒரு சர்வரைப் பக்காவாகத் தயார்செய்து, அதையே அச்சாக வைத்து நாற்பது பிரதி எடுத்தோம். அச்சு எடுக்குமுன் மெஷின் ஐடியை அழிக்க வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. நாற்பது சர்வருக்கும் ஒரே எண். நாற்பது பேரும் தன்னந்தனியாக, மனசாட்சிப்படி ஐடி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டேட்டாபேஸ் பல துண்டுகளாகப் பிரிந்திருந்ததால் எந்தத் துண்டிலும் முறையீடு இல்லை. எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கும் அறிக்கைக் கிடங்கில்தான் ஒன்றின் மேல் இன்னொன்று உட்கார்ந்து, மாதக் கடைசியில் பணம் இடித்தது.

ஐபி முகவரியிலிருந்து எடுக்கலாமே என்பீர்கள். அதே வகை இன்னொரு நிரலான சோனிஃபிளேக் அப்படித்தான் செய்கிறது, தனியார் ஐபியின் கடைசி 16 பிட். ஒரே நெட்வொர்க் இருக்கும்வரை சரி. சிங்கப்பூரிலும் ஜகார்த்தாவிலும் ஒரே சப்நெட்டை (ஐபி முகவரித் தொகுதியை) வைக்கும் புண்ணியவான் ஒருவர் எல்லாக் கம்பெனியிலும் இருப்பார்.

11 அக்டோபர், மதியம் 2.40

கடிகாரத்தைச் சொல்லாமல் விட்டேன். நேரத்தை வைத்து ஐடி செய்தால், கடிகாரம் பின்னால் போனால் கதை கந்தல். ட்விட்டரின் நிரல் அந்த நேரத்தில் ஐடி தர மறுத்துவிடும், நேரம் பழைய இடத்துக்கு வரும்வரை. மறுப்பதே மேல். கடைசி லீப் செகண்ட் (பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கடிகாரத்தில் கூட்டும் ஒரு விநாடி) 2016 டிசம்பர் 31 என்பார்கள், நமக்கு அது 2017 ஜனவரி 1 காலை 7 மணி 59 நிமிடம் 60ஆவது விநாடி. நான் அன்று ஆன்-கால், கோளாறு வந்தால் பார்க்க வேண்டிய ஆள். புத்தாண்டுக் காலையில் ஒரு குவளை காப்பியோடு திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

சிங்கப்பூர்க் கடிகாரம் குதித்ததும் உண்டு. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்கு நேராக 12 ஆக்கிவிட்டார்கள். அந்த அரை மணி நேரம் என்ன ஆனது என்று அப்பா புத்தாண்டுதோறும் கேட்பார். உலகப் பொது நேரத்தில் சேமித்தால் இந்தக் குதிப்பு உங்களைத் தொடாது.

12 அக்டோபர், ஞாயிறு, இரவு 9.30

தேக்காவில் தீபாவளிக் கூட்டம். முறுக்கு மாவு வாங்க வரிசையில் நின்றபோது யோசித்தது, தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகித்தான் போகிறது.

நம் ஊர் அஞ்சல் குறியீடு 1950இல் 2 இலக்கம், 1979இல் 4, 1995 செப்டம்பர் முதல் 6. இப்போது ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எண். முதல் இரண்டு இலக்கம் வட்டாரம், வீவக (அரசு அடுக்குமாடி) வீடு என்றால் கடைசி மூன்று புளோக் எண். அங் மோ கியோ 347ஆம் புளோக் என்றால் 560347. டாக்சி அங்கிளுக்கு அதைப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரியும். பொருள் பொதிந்த ஐடி. கட்டடம் இடம் பெயராது, அதனால் அதற்குப் பொருந்துகிறது.

ஐசி (சிங்கப்பூர் அடையாள அட்டை) நம்பரும் அப்படியே. 1968 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் முன்னால் நிற்கும், 2000க்கு முன் பிறந்தவர்களுக்கு ஓர் எழுத்து, பின் பிறந்தவர்களுக்கு வேறு. அங்கிள்மார் வயதைக் குறைத்துச் சொல்ல வழியில்லை. கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து, 11ஆல் வகுத்து மீதியைப் பார்ப்பது. கார் நம்பர் பிளேட்டிலும் கடைசி எழுத்து அதே வேலைதான், அங்கே 19. கைதவறி ஓர் இலக்கம் மாறினால் உடனே தெரிந்துவிடும். மனிதர் வாயால் சொல்லி மனிதர் கையால் எழுதும் ஐடிக்கு இது வேண்டும். யூயூஐடியில் இது இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு சென்னை சகாவுக்கு ஃபோனில் ஒரு யூயூஐடியைப் படித்துக் காட்டிப் பாருங்கள். 'பியா டியா?' 'பாம்பே பி.' 'அடுத்தது?' 'டெல்லி டி.' 'டெல்லிக்கு முன்னால் எட்டா, ஏயா?' பதினைந்து நிமிடம் போகும். யூலிட் என்ற இன்னொரு ஐடி வகை இதை ஓரளவு யோசித்திருக்கிறது: 26 எழுத்து, 1, 0 போலத் தோன்றும் எழுத்துகளை எடுத்துவிட்டார்கள்.

ஐசியிலிருந்து இன்னொன்று. எத்தனையோ வருடம் நாம் அந்த எண்ணை ரகசியம் மாதிரி நடத்தினோம். ஃபோனில் சொன்னால் ஆள் நீங்கள்தான் என்று நம்பினார்கள், பிடிஎஃப் கோப்புக்கு அதையே பாஸ்வேர்டாக வைத்தார்கள். 2024 டிசம்பரில் ஒரு தேடல் பக்கத்தில் முழு எண்ணும் தெரிந்து ஊரே பரபரப்பானபோது அரசாங்கம் சொன்னது இதுதான்: அது ஆளை அடையாளம் காட்டும் எண், ஆள் அவர்தான் என்று நிரூபிக்கும் சாவி அல்ல. யூயூஐடிக்கும் அப்படியே பொருந்தும். 'இந்த லிங்கை யாரும் ஊகிக்க முடியாது, அதனால் லாகின் வேண்டாம்' என்று சொல்பவர்கள் யூயூஐடிக்கான விதி ஆவணம் ஆர்எஃப்சி 4122ஐப் படிக்கட்டும். 2005இலேயே எழுதிவைத்துவிட்டார்கள், யூயூஐடியை ஊகிக்கக் கடினம் என்று நம்பாதீர்கள் என்று.

13 அக்டோபர், திங்கள், காலை 7.50

தெம்பனிஸ்காரர் ஒருவர் பிடித்துவிட்டார். 601ஏ, 601பி என்று எழுத்தோடு வரும் புளோக்குகளுக்கு நான் சொன்ன கணக்கில் இடம் எங்கே? சரிதான். அங்கே மூன்றாவது இலக்கம் 0க்குப் பதில் 1, 2 என்று மாறும். 601ஏ என்றால் 521601, பி என்றால் 522601. ஒதுக்கி வைத்த ஒரு சுழியம் பிற்பாடு கைகொடுத்திருக்கிறது. என் ஐடி வடிவங்களில் ஒரு பிட்டைக்கூட நான் அப்படி ஒதுக்கியதில்லை.

15 அக்டோபர், புதன், இரவு 10.10

சரி, யூயூஐடிக்குத் திரும்புவோம். 4ஆம் பதிப்பா 7ஆம் பதிப்பா என்பதற்கு என் பதில்: 7, கண்ணை மூடிக்கொண்டு.

2024 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 9562இல் இது முறையாகச் சேர்ந்தது. முதல் 48 பிட் மில்லிசெகண்ட் நேரம், பதிப்பு, வகை போக மிச்சம் 74 பிட் குலுக்கல். லாபம் டேட்டாபேஸுக்கு. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, அட்டவணையின் வரிகளைப் பிரைமரி கீ (முதன்மைச் சாவி) வரிசைப்படியே 16 கேபி பக்கங்களில் அடுக்குகிறது. 7ஆம் பதிப்பு என்றால் புதிய வரி எப்போதும் கடைசிப் பக்கத்தில் போய் உட்காரும். 4ஆம் பதிப்பு என்றால் எங்கே வேண்டுமானாலும் விழும். நிறைந்த பக்கத்தில் விழுந்தால் பக்கம் இரண்டாகப் பிளக்கும். மளிகைக்கடைப் பேரேட்டில் ஒவ்வொரு வரவையும் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து எழுதுவது போல. அட்டவணை ரேமைத் தாண்டும்வரை வித்தியாசம் தெரியாது, தாண்டிய அன்று தெரியும். இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் 18 போன மாதம் வந்தது, 7ஆம் பதிப்பு அதிலேயே இருக்கிறது.

எழுத்துச் சரமாக 36 பைட்டில் சேமிக்காதீர்கள், 16 பைட் போதும். இன்னோடிபியில் மற்ற ஒவ்வொரு இண்டெக்ஸிலும் (தேடல் பட்டியலிலும்) பிரைமரி கீ ஒரு நகல் போய் உட்காரும்.

16 அக்டோபர், வியாழன், காலை 8.15

'கண்ணை மூடிக்கொண்டு' என்றதை வாபஸ் வாங்குகிறேன். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

கூகுளின் ஸ்பேனர் மாதிரி, சாவியின் வரிசைப்படி பல இயந்திரங்களுக்குப் பங்கு போடும் டேட்டாபேஸில் அதே 7ஆம் பதிப்பு பாதகம். புதிய ஐடி எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எழுதும் வேலை முழுவதும் ஒரே இயந்திரத்தின் தலையில் விழும், மற்றவை சும்மா நிற்கும். கூகுளின் ஆவணமே ஏறுவரிசைச் சாவி வைக்காதீர்கள், 4ஆம் பதிப்பு வையுங்கள் என்கிறது. ஒரே பேரேட்டில் எது நல்லதோ அதுவே பத்துப் பேரேட்டில் கெட்டது. நேற்று மைஎஸ்கியூஎல்லை மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டேன்.

இன்னொன்று, 7ஆம் பதிப்பு பிறந்த நேரத்தை ஊருக்கெல்லாம் சொல்லும். டிஸ்க்குக்குப் பரவாயில்லை. நோயாளிப் பதிவுக்கு? யோசித்து வையுங்கள். 1ஆம் பதிப்பு இதற்கும் ஒரு படி மேல், நெட்வொர்க் கார்டின் முகவரியையே உள்ளே வைத்திருக்கும். 1999இல் மெலிசா வைரஸ் பரப்பியவரைத் தேடியபோது வேர்டு கோப்புக்குள் இருந்த அந்த அடையாளமும் துப்பாகப் பயன்பட்டது. 1ஆம் பதிப்பில் நேரம் 1582 அக்டோபர் 15இலிருந்து எண்ணப்படும், கிரிகோரியன் காலண்டர் தொடங்கிய நாள். நேற்றோடு 443 வருடம், யாரும் கேக் வெட்டவில்லை.

18 அக்டோபர், சனி, மாலை 6.30

நான்காவது கதை. தம்பியின் கேள்விக்கு இதுதான் என் உண்மையான பதில் என்று நினைக்கிறேன், மற்றதெல்லாம் சுற்றுவழி.

எங்கள் இரவு வேலை ஒன்று, முப்பது நாள் யாரும் தொடாத டிஸ்க்குகளைப் பட்டியலிட்டு, சொந்தக்காரர்களுக்கு அறிவித்து, மூன்று நாள் கழித்து அழிக்கும். பட்டியலில் இருந்தது பெயர். ஒரு டீம் அறிவிப்பைப் பார்த்து நல்ல பிள்ளையாகப் பழைய டிஸ்க்கைத் தானே அழித்துவிட்டு, அதே பெயரில் புதிதாக ஒன்று உருவாக்கி, இரண்டு நாள் டேட்டாவை ஏற்றியது. மூன்றாம் நாள் ராத்திரி என் வேலை வந்து, பட்டியலைப் பார்த்து, பெயரைப் பார்த்து, அழித்தது. நிரலில் ஒரு பிழையும் இல்லை. அது அழிக்கச் சொன்னதைத்தான் அழித்தது.

பெயர் மனிதருக்கு. திரும்பத் திரும்ப வரும், மாறும், இன்னொருவருக்குப் போகும். ஒரு முறை கொடுத்தால் எந்தக் காலத்திலும் இன்னொன்றுக்குப் போகக்கூடாத ஒன்று தனியாக வேண்டும். குபர்நெட்டிஸ் இரண்டையும் வைத்திருக்கிறது: பெயர் ஒன்று, யூஐடி என்ற மாறாத ஐடி ஒன்று. அதே பெயரில் அழித்து மறுபடி உருவாக்கினால் யூஐடி புதிது. இந்தப் பாட் எந்தச் சொந்தக்காரருடையது என்று எழுதும்போது பெயரோடு யூஐடியையும் எழுதுகிறது. கூகுள் கிளவுடில் ஒரு புராஜெக்டை அழித்தாலும் அதன் ஐடி மறுபடி யாருக்கும் கிடைக்காது.

அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில், யாருக்கு எதற்கு அனுமதி என்று குறிக்கும் ஐஏஎம்மில் இதன் இரண்டு முகமும் தெரியும். 'குமார்' என்ற பயனருக்கு ஒரு பக்கெட்டை (கோப்புக் கிடங்கை) திறக்க அனுமதி எழுதுகிறீர்கள். நீங்கள் எழுதுவது பெயருள்ள ஏஆர்என் (ஏடபிள்யூஎஸ்ஸில் ஒன்றைக் குறிக்கும் முழு முகவரி), ஆனால் சேமிக்கும்போது அது உள்ளே குமாரின் மாறாத ஐடியாக மாறிவிடும். குமார் வேலையை விட்டுப் போய்க் கணக்கை அழித்தபின், புதிதாக இன்னொரு குமார் சேர்ந்து அதே பெயரில் கணக்கு திறந்தால், ஏஆர்என் எழுத்துக்கு எழுத்து அதேதான். அனுமதி மட்டும் கிடைக்காது. முதல் தடவை இதைப் பார்க்கும்போது ஏதோ கோளாறு என்றே தோன்றும். நம்மவர்களில் ஒரு டீமில் நான்கு குமார் சாதாரணம். இனிஷியல் போட்டுப் பிரிப்போம், இனிஷியலும் ஒன்றாக இருந்தால் 'உட்லண்ட்ஸ் குமார்', 'கண்ணாடி குமார்'. கண்ணாடி குமார் லேசிக் செய்துகொண்டு வந்த பிறகும் எங்கள் ஆபீஸில் கண்ணாடி குமார்தான்.

ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புச் சேவையான எஸ்3இன் பக்கெட் எதிர்ப்பக்கம். அங்கே பெயரே அடையாளம், உலகத்துக்கே பொதுவான பெயர்வெளி. நீங்கள் அழித்த பெயரை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பழைய நிரல் இன்னும் அந்தப் பெயருக்கு லாக் (நிகழ்வுக் குறிப்பு) எழுதிக்கொண்டிருந்தால், அது அவர் வீட்டுக்குப் போகப் பார்க்கும். பக்கெட்டைக் காலி செய்துவிட்டுப் பெயரை அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

18 அக்டோபர், இரவு 9.45

'அப்படியானால் ஐடிக்குள்ளேயே ரீஜன், டீம், சூழல் எல்லாம் எழுதிவிடலாமே' என்ற யோசனைக்கு: டீம் கலையும், ரீஜன் மாறும், ஐடி பொய் சொல்லிக்கொண்டே நிற்கும். 'டெஸ்ட்' என்று ஐடியிலேயே எழுதிய ஒரு கிளஸ்டரில் (சர்வர் கூட்டத்தில்) நாங்கள் ஐந்து வருடம் சம்பளம் போட்டோம். எந்த வகைப் பொருள் என்பதை மட்டும் முன்னொட்டாக வைக்கலாம். டிஸ்க் ஒருநாளும் சர்வர் ஆகாது. லாகில் கிடக்கும் ஐடி எதைச் சேர்ந்தது என்று தேட வேண்டியிராது.

19 அக்டோபர், ஞாயிறு, மதியம் 12.20

வீட்டில் அதிரசம் ஓடிக்கொண்டிருக்கிறது, சுருக்கமாக. நீளத்தை ஊகிக்காதீர்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் சர்வர் ஐடி முன்பு முன்னொட்டுக்குப் பின் 8 எழுத்து. 2016இல் 17 ஆக்கினார்கள். அதற்குள் ஊரெல்லாம் 10 எழுத்துக்குத்தான் அட்டவணையில் இடம் வைத்திருந்தது. நாங்களும். நல்லவேளை, மாதக்கணக்கில் அவகாசம் கொடுத்தார்கள். பிறர் கொடுக்கும் ஐடியை உடைத்துப் பார்க்காமல், அளக்காமல், தாராளமான இடத்தில் போட்டுவையுங்கள்.

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்து.

22 அக்டோபர், புதன், இரவு 10.35

தூக்கம் கெட்டது நான்கு என்று எழுதியிருந்தேன். எண்ணிப் பார்த்தால் ஐந்து.

ஐந்தாவதை மறந்ததற்குக் காரணம், அது ஐடி பிரச்சினை என்றே அப்போது தெரியவில்லை. ஒரு சர்வர் உருவாக்கச் சொல்லி அனுப்பினோம். பதில் வரவில்லை, நெட்வொர்க் தொங்கியது. நிரல் மறுபடி அனுப்பியது. மறுபடி. உண்மையில் ஒவ்வொரு முறையும் அங்கே சர்வர் உருவாகிவிட்டது, பதில்தான் வழியில் தொலைந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆரம்பித்து திங்கள் காலைவரை. பில் பதினோராயிரம் வெள்ளி. எங்களிடம் ஐடி இல்லாத, யாரும் சொந்தம் கொண்டாடாத சர்வர்கள்.

ஐடியைக் கொடுப்பது யார் என்பதைக் கேட்காததுதான் தப்பு. அந்தப் பக்கம் கொடுத்தால், பதில் வரும்வரை நமக்கு அது கிடையாது. இரண்டாவது தடவை கேட்கும்போது 'முன்பு கேட்ட அதே சர்வர்தான்' என்று சொல்ல நம்மிடம் வார்த்தை இல்லை. அனுப்புமுன் நாமே ஒரு யூயூஐடி உருவாக்கி, நம் டேட்டாபேஸில் எழுதிவிட்டு, அதைக் கோரிக்கையோடு அனுப்பினால், பத்துத் தடவை கேட்டாலும் ஒரு சர்வர்தான். ஏடபிள்யூஎஸ்ஸில் கிளையன்ட் டோக்கன் என்று இதற்கு இடமே வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைக் காலியாக விட்டிருந்தோம். தம்பி, உங்கள் யூயூஐடி கட்சிக்கு நான் கொடுக்கும் பெரிய ஓட்டு இங்கேதான். யாரையும் கேட்காமல் முன்கூட்டியே உருவாக்கலாம் என்பதற்காக. மோதாது என்பதற்காக அல்ல.

24 அக்டோபர், வெள்ளி, காலை 8.25 (ரயிலில்)

தம்பி எழுதியிருக்கிறார்: டீமில் முடிவாகிவிட்டது. வகை முன்னொட்டு, பிறகு 7ஆம் பதிப்பு, போஸ்ட்கிரெஸில் 16 பைட், வெளியே எழுத்துச் சரம், பெயர் அட்டவணையில் தனி நெடுவரிசையில், உருவாக்குவது கேட்பவர் பக்கம். இப்போது முன்னொட்டுக்கும் ஐடிக்கும் நடுவில் ஹைபனா அடிக்கோடா என்று இரண்டு நாளாகச் சண்டையாம்.

அடிக்கோடு போடுங்கள், யூயூஐடிக்குள் இருக்கும் நான்கு ஹைபனையும் எடுத்துவிடுங்கள். இருமுறை கிளிக் செய்தால் ஹைபனில் நின்றுவிடும், அடிக்கோட்டில் நிற்காது. ஐடி முழுதாகப் பிடிபடும், பாதியை மட்டும் காப்பி செய்து ஒட்டி அரை மணி நேரம் தேடும் வேலை மிச்சம்.